ஹீட் சீலிங் மெஷினில் கரண்ட் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் கவரின் வாயைச் சூட்டால் ஒட்டும் மெஷின்களில், கையால் அழுத்தும் சின்ன சீலர் முதல் பெல்ட்டில் கவர் நகரும் பேண்ட் சீலர் வரை, சூடான பகுதி எது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே யாரும் விரலை வைப்பதில்லை. பழுதாகி வரும் மெஷின்களைத் திறந்து பார்க்கும்போது எனக்குக் கவலை தருவது வேறு இடங்கள்: அறுந்த எர்த் ஒயர், கருகிப்போன பிளக், டேப் சுற்றிய பவர் கார்டு. பயன்படுத்துபவர்களும் சர்வீஸ் செய்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வோல்டேஜ் கணக்குகள் 230 வோல்ட் சப்ளைக்கானவை.

கையால் அழுத்தும் சின்ன சீலர்தானே, இதில் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே அடிக்கும் என்பதும் புரியும். கைப்பிடியை அழுத்தியதும் அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் அமுங்குகிறது. டைமர் போர்டு ஓரிரு நொடி டிரான்ஸ்ஃபார்மருக்குச் சப்ளை விடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைச் சில பத்து வோல்ட்டாகக் குறைத்து, அதிகக் கரண்டாக, சூடாகிக் கவரை ஒட்டும் நிக்ரோம் உலோகப் பட்டிக்கு அனுப்புகிறது. ஆகவே எல்லோரும் பயப்படும் அந்தப் பட்டியில் பெரும்பாலும் வோல்டேஜ் குறைவுதான். முழு 230 வோல்ட் இருப்பது அடிப்பெட்டிக்குள்: பவர் கார்டு நுழையும் ஓட்டை, மைக்ரோ சுவிட்ச், டைமர் போர்டு, டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருள். இதில் எங்காவது இன்சுலேஷன் போனால் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் வந்துவிடும்.

அதற்காகப் பட்டியைத் தொடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே சுருள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் வோல்டேஜ் குறைந்தாலும் லைனிலிருந்து பிரிவு கிடையாது. எப்போதும் சூடாகவே இருக்கும் வகை சீலர்களிலும் பேண்ட் சீலரிலும் ஹீட்டருக்குப் பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட்தான் போகிறது.

எவ்வளவு கரண்ட் உயிருக்கு ஆபத்து?

சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுரீர் என்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து வந்துவிடுகிறது. ஈரக் கையோடு இருக்கும் ஒருவரின் உடல் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு எடுப்பதை விடக் குறைவான கரண்ட் அது. "சின்ன மெஷின், கொஞ்ச கரண்ட்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

மெஷினின் உடம்பைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது, ஆனால் மெஷின் நன்றாக ஓடுகிறது. ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றுங்கள். என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். "செருப்பு போட்டுக்கொண்டால் அடிக்கவில்லை" என்று சொல்லி மாதக்கணக்கில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். செருப்பு நனைகிற நாள் ஒன்று வரும்.

காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, உள்ளே எங்கோ இன்சுலேஷன் போய், லைன் உடம்பைத் தொடுகிறது. மற்றொன்று, மெஷினில் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் இருக்கிறது. அதன் சின்ன கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்போடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு சப்ளையின் பாதியளவு, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நின்றுவிடும். இந்த இரண்டாவது வகையில் மெஷினில் பழுதே இல்லை. ஆனாலும் இரண்டுமே ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கின்றன: எர்த் வேலை செய்யவில்லை. எர்த் சரியாக இருந்தால் ஃபில்டர் கசிவு அதன் வழியே போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பெரிய பழுது என்றால் ஃபியூஸோ பிரேக்கரோ விழுந்திருக்கும்.

பார்ப்பது எளிது. பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும் மறு முனையை உடம்பிலும் வையுங்கள். பெயின்ட் மேல் வைத்தால் எதுவும் காட்டாது, அதனால் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூ அல்லது உலோகப் பகுதி வேண்டும். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அப்படியே பவர் கார்டை இரு முனைகளிலும் வளைத்து ஆட்டிப் பாருங்கள். அளவு துள்ளினால் ஒயர் உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. மெஷின் பக்கம் சரி என்றால், குறை சாக்கெட்டின் எர்த்தில். அதை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

என் மெஷினுக்கு எர்த் பின்னே இல்லை. இது தவறான தயாரிப்பா?

பெயர்ப் பலகையில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் செய்த மெஷின், எர்த் தேவையில்லை. குறி இல்லை, உடம்பு உலோகம், ஒயரும் இரண்டுதான் என்றால் அதை நான் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். எர்த் பின் இருக்கும் பிளக்கில் அந்தப் பின்னை வெட்டிவிட்டு, அல்லது இரண்டு பின் அடாப்டர் வைத்து ஓட்டுவதும் இதே கணக்குதான்.

வீட்டில் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் விழும் பிரேக்கர்) இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு உங்கள் வழியே பாயும் 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. மனிதருக்கான பாதுகாப்பு ஆர்சிசிபி. லைனில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வகை என்றால் அந்த அளவு வித்தியாசம் வருவதற்குள் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

அதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் லைனும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அது உங்களையும் ஒரு பல்பு என்றே நினைக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாவது சுருள் பக்கம் நடப்பதும் அதற்குத் தெரியாது.

காலையில் ஆன் செய்ததும் ஆர்சிசிபி விழுகிறது. சில முறை போட்டால் நிற்கிறது. என்ன கோளாறு?

பேண்ட் சீலரிலும் ஹீட்டர் கட்டை உள்ள மற்ற மெஷின்களிலும் இது அடிக்கடி வரும். குழாய் வடிவ ஹீட்டருக்குள் சுருளுக்கும் வெளி உறைக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கும். அது சூட்டை நன்றாகக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்திலோ பல வாரம் ஓட்டாமல் வைத்திருந்தாலோ ஹீட்டர் முனையின் வழியே ஈரம் ஏறி லீக்கேஜ் வருகிறது. சில முறை போட்டால் நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாகி ஈரம் விலகுவதுதான்.

இங்கே பலர் செய்வது ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைத்து ஓட்டுவது. ஈரம் போகும்வரை என்று தொடங்குவார்கள், பிறகு அப்படியே விட்டுவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஹீட்டரை வெளியே எடுத்து, 100 டிகிரிக்குச் சற்று மேலே சில மணி நேரம் உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) உறைக்கும் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். 1 மெகா ஓமுக்கு மேல் வந்தால் போடலாம். வரவில்லை என்றால் ஹீட்டரை மாற்ற வேண்டும். மெக்கர் வைக்கும் முன் டெம்பரேச்சர் கன்ட்ரோலரையும் எலக்ட்ரானிக் போர்டுகளையும் கழற்றிவிடுங்கள். 500 வோல்ட்டை அவை தாங்காது.

சர்வீஸ் செய்யும் முன் சுவிட்சை ஆஃப் செய்தால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மெஷினில் இருக்கும் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும். சாக்கெட்டில் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அந்தச் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கிறது. லைன் உள்ளே வரை வந்து உட்கார்ந்திருக்கும். விளக்கு எரியாது, ஹீட்டர் சூடாகாது, எல்லாம் செத்துக் கிடப்பது போலத் தெரியும். தொட்டால் அடிக்கும். சுவிட்சுக்கு முன்னால் உள்ள முனைகளில் எப்படியும் கரண்ட் இருக்கிறது. டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஆஃப் நிலையில் இருந்தாலும், ஹீட்டருக்குச் சப்ளையை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே வழியே கொஞ்சம் கசிவு எப்போதும் உண்டு. அதைத் துண்டிப்பு என்று நம்பவே கூடாது.

ஆகவே பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிளக் உங்கள் கண்ணெதிரே, முடிந்தால் உங்கள் பையிலேயே இருக்கட்டும். நீங்கள் குனிந்து வேலை செய்யும்போது இன்னொருவர் வந்து "யாரோ கழற்றி வைத்திருக்கிறார்களே" என்று மாட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்த பெரிய மெஷின் என்றால் ஐசோலேட்டரை (சப்ளையை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து பூட்டு போட்டு, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு அட்டையும் தொங்கட்டும்.

அப்புறம் கெப்பாசிட்டர்கள். பேண்ட் சீலரின் ஸ்பீடு கன்ட்ரோல் போர்டு சின்ன மோட்டாருக்கானது என்பதால் குறைந்த வோல்ட் என்று நினைப்பார்கள். அது பெரும்பாலும் நேராக லைனோடு இணைந்த போர்டு. சப்ளையை ரெக்டிஃபை செய்து கெப்பாசிட்டரில் சேர்க்கும் போர்டுகளில், 230 வோல்ட் ஏசி அங்கே 325 வோல்ட் டிசி ஆகிவிடும். காந்தப்புலத்தால் சூடாக்கி ஒட்டும் இண்டக்ஷன் சீலரில் இது பெரிய அளவில் இருக்கும். காற்றை உறிஞ்சிவிட்டு ஒட்டும் வேக்கம் சீலரின் பம்ப் மோட்டாரிலும் கெப்பாசிட்டர் உண்டு. பிளக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, கெப்பாசிட்டர் முனைகளில் டிசி வோல்ட் அளந்து, இருந்தால் தகுந்த ரெசிஸ்டர் வழியே இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பொறி பறக்கவிடுவது போர்டையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

கடைசியாகச் சூடு. கரண்ட் போன பிறகும் பேண்ட் சீலரின் ஹீட்டர் கட்டை நெடுநேரம் சுடும்.

டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. அப்புறம் என்ன?

நியான் டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் மரப்பலகை மேல் நின்றாலும், வெளிச்சம் அதிகமாக இருந்தாலும், டெஸ்டரே கெட்டிருந்தாலும் எரியாது. மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் வைத்து அது காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மெஷினில் அளங்கள். பிறகு மறுபடியும் அதே சாக்கெட்டில். மூன்றாவது முறை பார்ப்பது எதற்கென்றால், நடுவில் மீட்டரின் லீட் அறுந்திருந்தால் சுழியம்தான் காட்டும்.

சீரிஸ் லேம்ப் போட்டு டெஸ்ட் செய்தால் ஷாக் அடிக்காது என்கிறார்களே?

தவறு, மிகவும் ஆபத்தான தவறு. சீரிஸ் லேம்ப் நல்ல கருவிதான். 100 வாட்ஸ் குண்டு பல்பை வரிசையில் போட்டால், மெஷினில் நேர் ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்குள் கரண்ட் நின்றுவிடும், எதுவும் வெடிக்காது. ஆனால் அரை ஆம்பியர் ஒரு மனிதருக்கு எவ்வளவு அதிகம் என்பதை மேலே பார்த்தோம். எரியும் பல்பின் தடை 530 ஓம் அளவுதான், அதோடு உங்கள் 1000 ஓமைச் சேர்த்தாலும் 150 மில்லி ஆம்பியர் பாயும். பல்பு எரியாமல் குளிர்ந்திருக்கும்போது அதன் தடை இன்னும் குறைவு. சீரிஸ் லேம்ப் மெஷினைக் காப்பாற்றும், உங்களை அல்ல.

நிக்ரோம் பட்டியும் டெஃப்லான் துணியும் மாற்றுவது நானே செய்யலாமா?

செய்யலாம், பிளக் கையில் இருக்கும்வரை. பட்டியின் அகலம், கனம், நீளம் மூன்றும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கனமான பட்டி நெடுநாள் உழைக்கும் என்று போட்டால் தடை குறைந்து கரண்ட் கூடும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

பட்டிக்கு அடியில் உலோகத் தாடையின் மேல் ஒட்டியிருக்கும் இன்சுலேஷன் பட்டையையும் பாருங்கள். மேல் துணி கிழிந்தால் உடனே மாற்றுபவர்கள் அடியில் உள்ளதைக் கவனிப்பதில்லை. அது கருகித் துளை விழுந்தால் பட்டி நேராக உடம்பைத் தொடும். பட்டியின் முனையில் ஸ்பிரிங் இருந்தால் அது இழுவையோடு இருக்க வேண்டும். சூட்டில் பட்டி நீளும். ஸ்பிரிங் தளர்ந்தால் அது வளைந்து பக்கத்து உலோகத்தில் போய்ப் படும்.

ஹீட்டர் பக்கம் எந்த ஒயர் போடுவது?

சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு ஆனது. ஹீட்டர் அருகே அது முதலில் விறைக்கும், பிறகு நொறுங்கும், பிறகு செம்பு வெளியே தெரியும். கண்ணாடி நார் உறை போட்ட ஒயர் அல்லது சிலிகான் ஒயர் போடுங்கள், அந்த இடத்தின் சூட்டைத் தாங்குமா என்று பார்த்து. இணைப்பில் ஈயப் பற்று வேண்டாம். சாதாரண சால்டர் 183 டிகிரியில் இளகத் தொடங்கும், சீலர் ஓடும் சூடே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒயர் நுனியில் லக் (உலோக முனை) போட்டு, கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்வதே சரி.

பிளக் மாட்டும்போது எர்த் ஒயரை மற்ற இரண்டை விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது கார்டைப் பிடித்து இழுத்தால் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்கும்.

மெஷின் அளவுக்கு மேல் சூடாகிக்கொண்டே போகிறது. செட்டிங்கைக் குறைத்தாலும் நிற்கவில்லை.

உடனே பிளக்கைக் கழற்றுங்கள், செட்டிங்கோடு போராட வேண்டாம். சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஆன் நிலையிலேயே நின்றுவிடும். சாதாரண ரிலேயின் முனைகளும் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு காரணம், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் தன் துளையிலிருந்து நழுவி வெளியே வந்திருப்பது. அது வெறும் காற்றின் சூட்டை அளந்து சொல்ல, கன்ட்ரோலர் இன்னும் சூடு வேண்டும் என்று விட்டுக்கொண்டே இருக்கும். கை சீலரில் மைக்ரோ சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் கதை இதேதான். சூடு அளவு மீறினால் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் எரிந்திருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியது போடாதீர்கள். அதை ஒயரால் நேராக இணைப்பது தீ விபத்துக்கு வழிவிடுவது. கண்ணாடி ஃபியூஸுக்கும் அதே விதி, அதே ஆம்பியர்.

எக்ஸ்டென்ஷன் கார்டில் ஓட்டலாமா?

கை சீலரை ஓட்டலாம், கார்டு எர்த் உள்ளதாகவும் நல்ல கனமான ஒயராகவும் இருந்தால். சுருட்டி வைத்த கார்டில் சூடு வெளியேறாது என்பதால் முழுக்க விரித்துவிடுங்கள். பேண்ட் சீலரும் வேக்கம் சீலரும் சுவர் சாக்கெட்டில் தனியாக இருக்கட்டும். அரை மணி நேரம் ஓட்டிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் மெஷினை 230 வோல்ட்டில் போட்டால்?

வோல்டேஜ் இரண்டு மடங்கு, ஹீட்டரில் உண்டாகும் சூடு நான்கு மடங்குக்கும் மேல். நொடிகளில் கருகும். வாட்ஸுக்கு ஏற்ற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

துடைப்பது எப்படி?

பிளக் கழற்றி, சூடு ஆறியபின், பிழிந்த துணியால். தண்ணீர் அடிக்கக் கூடாது. கவரில் நிரப்பும் பொடி அடிப்பெட்டிக்குள் சேரும், ஈரம் பட்டால் அதுவே கரண்ட் வழியாகிவிடும். ஆகவே அவ்வப்போது திறந்து தூரிகையால் எடுங்கள். திரவம் நிரப்புபவர்கள் மெஷினைக் கொஞ்சம் உயரத்தில் வைத்தால், கொட்டுவது கீழே ஓடிவிடும்.

இண்டக்ஷன் சீலர் பக்கத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் நிற்கலாமா?

மருத்துவரையும் மெஷின் கையேட்டையும் கேட்காமல் நிற்க வேண்டாம். அதன் தலையிலிருந்து வரும் காந்தப்புலம் பேஸ்மேக்கரைக் குழப்பலாம். மோதிரம், வளையல் போட்ட கையை ஓடும் தலைக்கு அருகே யாரும் கொண்டு போகக் கூடாது, உலோகம் சூடாகிச் சுட்டுவிடும்.

யாருக்காவது ஷாக் அடித்து மெஷினோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அவரைத் தொடாதீர்கள். முதலில் சப்ளையைத் துண்டியுங்கள்: பிளக், சுவிட்ச், முடியாவிட்டால் மெயின். எதுவும் எட்டாத இடத்தில் இருந்தால் உலர்ந்த மரக்கட்டையால் அவரையோ ஒயரையோ தள்ளி விலக்குங்கள், நீங்கள் உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு. இதற்காகவே மெஷின் இருக்கும் இடத்தில் மெயின் சுவிட்ச் எங்கே என்று அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சு மூச்சில்லாமல், இயல்பாகச் சுவாசிக்காமல் இருந்தால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், இன்னொருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி அழுத்தட்டும். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை ஊதலாம். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

மெஷின் தீப்பிடித்தால் பிளக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் பொடி அணைப்பானைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் வேண்டாம். தோலில் சுட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பேஸ்ட் எதுவும் தடவாதீர்கள்.

ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுத்துவிட வேண்டும். கரண்ட் நுழைந்த இடத்தில் சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம். அந்த மெஷினின் பிளக்கை டேப்பால் சுற்றி, "ஷாக் அடிக்கிறது, போடாதீர்கள்" என்று எழுதித் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு நடந்தது தெரியாது.